உயர்வகைப் பெட்ரோலும் நம் அங்கத்தினர்களும்

நூலும் பாவும், விதையும் உரமும் பேசவேண்டிய இப்பத்திரிகையில் பெட்ரோலைப் பற்றி எழுதுவதேன் என்று அங்கத்தினர்களிற் சிலர் வினவக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஜவுளி மூட்டையைத் தலையிற் சுமந்தும், காய்கறிக் கூடையை மாட்டு வண்டியில் ஏற்றியும் நகரத்துக்கு வந்த காலம் எப்போதோ போய்விட்டது. காஞ்சிபுரத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் தியாகராய நகர்க் கடைகளுக்குச் சேலை கொண்டுவருபவரும், மயிலாப்பூர் மாட வீதிகளுக்கும் அடையாற்றுக்கும் கீரையும் காயும் கொண்டுவருபவரும், கண்காட்சிக்கு மாதிரித் துணி எடுத்துவரும் சங்கப் பணியாளரும் இன்று பெரும்பாலும் இருசக்கர வண்டியையே நம்பியிருக்கின்றனர். தறியில் ஈட்டிய கூலியிலும் வயலில் விளைந்த பொருளின் விலையிலும் ஒரு பங்கு பெட்ரோல் பங்க்கிற் கரைகிறது. அங்ஙனமிருக்க, அங்கு என்ன சரக்கு என்ன பெயரில் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பது நம் அக்கறைக்குப் புறம்பான விஷயம் ஆகாது.

நம் செவிக்கு எட்டிய குறைகள் இருவகைப்பட்டவை. முதலாவது, நகரத்துப் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தியவுடன் 'சாதாரணம் இல்லை, உயர்வகைதான் இருக்கிறது' என்று சொல்லப்படுவதும், சில இடங்களில் அதைக்கூடச் சொல்லாமலே விலை மிகுந்த பெட்ரோலை ஊற்றிவிட்டுப் பணம் கேட்பதும் ஆகும். இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானது. விலையுயர்ந்த புதுவகை வண்டி வைத்திருப்போர், தம் வண்டிக்கு ஏற்ற உயர்ந்த பெட்ரோல் மயிலாப்பூரில் கிடைக்குமா, தியாகராய நகரில் கிடைக்குமா, அடையாற்றில் கிடைக்குமா என்று பங்க் பங்க்காக அலைய நேரிடுகிறது என்கின்றனர். ஒருவர் வேண்டாததைத் திணிக்கிறார்கள் என்கிறார்; மற்றொருவர் வேண்டுவது கிடைக்கவில்லை என்கிறார். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோலத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது விளங்கும். இன்ன பங்க்கில் இன்ன தரத்துப் பெட்ரோல் இருக்கிறது, அதில் இன்னது கலந்திருக்கிறது என்று வாங்குவோர் கண்ணிற் படும்படி எழுதிவைக்கும் வழக்கம் இல்லாமையே அவ்வேர்.

உயர்வகை என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். பெட்ரோலின் தரத்தை 'ஆக்டேன்' என்னும் ஓர் எண்ணாற் குறிக்கின்றனர். இயந்திரத்தின் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்பட்டு, உரிய வேளையில் பொறியினால் எரியவேண்டும். அழுத்தம் தாங்காமல் அது வேளைக்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டால் இயந்திரத்தில் ஒருவகைத் தட்டுச் சத்தம் எழும். மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பர். அது நாளடைவில் இயந்திரத்தைக் கெடுக்கும். அவ்வாறு முந்திப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 என்றும், ஹெப்டேன் என்னும் பொருளுக்கு 0 என்றும் வைத்து இவ்வளவுகோல் அமைக்கப்பட்டது.

நெசவாளராகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்ள வேறெங்கும் போகவேண்டுவதில்லை. நூலுக்கும் நம்பர் உண்டு அன்றோ? 100ஆம் நம்பர் நூல் மெல்லியது; 20ஆம் நம்பர் தடித்தது. மெல்லிய வேட்டிக்கு 100 வேண்டும். அதற்காகத் துப்பட்டிக்கும் ஜமக்காளத்துக்கும் 100ஆம் நம்பர் நூலை வாங்கிப் பாவு ஓட்டுபவர் உண்டா? நம்பர் உயர்ந்தது என்பதால் எல்லா வேலைக்கும் அதுவே சிறந்தது என்று சொல்பவரை நாம் தறியின் அருகிலும் விடமாட்டோம். ஆக்டேனும் இத்தகையதே. மிகுந்த அழுத்தத்தில் இயங்கும்படி அமைத்த இயந்திரத்துக்கு உயர்ந்த எண் தேவை. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் இயந்திரத்துக்கு அதே உயர்ந்த எண்ணை ஊற்றினால் வண்டி அதனால் வலிமை பெறுவதில்லை. கொடுத்த காசுதான் மிகை.

இவ்வெண்ணைத் துரத்தியதால் உலகம் பட்ட பாடும் ஒன்றுண்டு. 1921 இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயக் கலவை ஒன்றைச் சேர்த்தால் தட்டுச் சத்தம் அடங்குகிறது என்று கண்டார். மலிவாக ஆக்டேனை உயர்த்தும் வழி அகப்பட்டது என்று உலகமே அதனை மேற்கொண்டது. அந்த ஈயம் புகையோடு கலந்து, காற்றிலும் மண்ணிலும் குழந்தைகளின் குருதியிலும் ஏறிற்று. அதன் கேடு முழுவதும் உணரப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 ஆம் தேதி டில்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களுடன் அன்று மதராஸ் என்று வழங்கிய நம் நகரத்திலும் ஈயமில்லாத பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் நீங்கிற்று. உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021 இல் அதனைக் கைவிட்டது. பெட்ரோலில் என்ன கலக்கிறது என்று கேட்பது வாங்குவோரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிற்க. இன்று நம் நகரத்துப் பங்க்குகளில் கிடைக்கும் உயர்வகைகளைப் பார்ப்போம். இந்தியன் ஆயில் நிறுவனம் 'எக்ஸ்.பி. 95' என்றும், பாரத் பெட்ரோலியம் 'ஸ்பீடு' என்றும், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் 'பவர்' என்றும், ஷெல் நிறுவனம் 'வி-பவர்' என்றும் பெயரிட்டு விற்கின்றன. இவற்றை இருவகையாகப் பிரித்தறிய வேண்டும். ஆக்டேன் எண்ணே உயர்ந்திருப்பது ஒருவகை. இயந்திரத்தின் உட்புறத்தில் படியும் கரியை நீக்குவதற்கான சேர்மானம் கலந்தது மற்றொருவகை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்வகை என்று விற்கப்பட்டவற்றிற் சில, ஆக்டேனில் சாதாரணப் பெட்ரோலுக்குச் சமமாகவே இருந்து, சேர்மானத்தால் மட்டுமே வேறுபட்டவை. பெயரிலிருந்து இவ்வேறுபாடு புலப்படாது. எண்ணைப் பார்த்தால்தான் புலப்படும்.

இவற்றுக்கும் மேலாக 100 ஆக்டேன் பெட்ரோல் ஒன்றும் உண்டு. இந்தியன் ஆயில் நிறுவனம் மதுரா சுத்திகரிப்பு நிலையத்தில் தயாரித்து, 2020 டிசம்பர் 1 ஆம் தேதி டில்லி முதலிய 10 நகரங்களில் இதனை அறிமுகப்படுத்திற்று. சென்னை அடுத்த கட்டத்தில் சேர்க்கப்பட்டது. டில்லியில் அன்று இதன் விலை லிட்டருக்கு ஏறக்குறைய 160 ரூபாய். இத்தகைய பெட்ரோல் எல்லாப் பங்க்கிலும் கிடைக்காமைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு தரத்துக்கும் நிலத்தடியில் தனித்தொட்டி வேண்டும். தனிக் குழாய் வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நெருக்கடியான தெருவோரத்தில் அமைந்த பங்க்குக்கு நான்காவது தொட்டி வைக்க நிலம் ஏது? மெதுவாக விற்கும் சரக்கு தொட்டியிற் கிடக்கும் வரையில் உரிமையாளரின் முதலும் அதனுடன் முடங்கிக் கிடக்கும். ஆகவே எல்லா இடத்திலும் 100 வேண்டும் என்று கேட்பது முறையன்று. எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிவிக்கும்படி கேட்பதே முறை.

வரியும் இதிற் பங்குகொண்டது. ஒரு காலத்தில் உயர்வகைப் பெட்ரோலுக்கு மிகையான எக்சைஸ் வரி இருந்தமையால் அதனை வாங்குவோர் அருகியிருந்தனர். 2014 ஜூலை மாத வரவுசெலவுத் திட்டத்தில் அவ்வரி லிட்டருக்கு 7 ரூபாய் 50 காசிலிருந்து 2 ரூபாய் 35 காசாகக் குறைக்கப்பட்டது. விற்பனைக்கு வழி திறந்தது. விற்பனையைப் பெருக்க நிறுவனங்கள் முயல்வது வணிக இயல்பே. அதனை நாம் குறைகூற மாட்டோம். வாங்குவோரின் அறியாமையைக் கொண்டு பெருக்குவதைத்தான் குறைகூறுகிறோம்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். நெடுநாள் சாதாரணப் பெட்ரோலின் எண் 91 என்றும், உயர்வகையின் எண் 95 என்றும் இருந்தன. இன்று இவ்வேறுபாடே மங்கிவிட்டது. சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் மிக உயர்ந்தது. ஏறக்குறைய 108 என்பர். அதனைக் கலந்தால் முழுப் பெட்ரோலின் எண்ணும் உயரும். 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்திலேயே, முன்பு 88 ஆகவும் பின்னர் 91 ஆகவும் இருந்த எண், 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் 95 ஆக உயர்ந்திருக்கிறது என்று கூறப்பட்டுள்ளது. அவ்வாறாயின், 95 என்று பெயரிட்டு மிகை விலைக்கு விற்கப்படும் பெட்ரோலில் அந்த மிகை விலை எதற்கு? சேர்மானத்துக்கா, வேறு குணத்துக்கா? இதற்கு விடையிருக்கலாம். அவ்விடையைப் பங்க்கின் பலகையில் எழுதவேண்டும் என்பதே நம் வாதம்.

எத்தனாலைப் பற்றிப் பேசும்போது பயிரிடுவோராகிய நம் அங்கத்தினர்கள் செவிசாய்ப்பர் என்பதை அறிவோம். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. கரும்புச் சாற்றிலிருந்து எடுத்த எத்தனாலுக்கு 2023-24 பருவத்தில் லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசும், மக்காச்சோளத்திலிருந்து எடுத்ததற்கு 71 ரூபாய் 86 காசும் விலை நிர்ணயிக்கப்பட்டது. ஆலைக்கு வரும் இப்பணத்தில் கரும்பு நிலுவை தீர்ந்தால் அது நமக்கு நன்மையே. அதே சமயம் 2023 டிசம்பரில் சர்க்கரைத் தட்டுப்பாட்டை அஞ்சிக் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்துவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததையும், 2024 ஆகஸ்டில் அதனை நீக்கியதையும் நாம் மறக்கவில்லை. பயிரிடுவோன் இவ்விரண்டிலும் கலந்தாலோசிக்கப்படுவதில்லை.

பயிரிடுவோன் பெட்ரோல் வாங்குவோனும் ஆவான். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோகின் 2021 ஆம் ஆண்டு அறிக்கையே, 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைத்த பழைய வண்டிகளுக்கு 20 சதவீதக் கலப்பை ஊற்றினால் நான்கு சக்கர வண்டியில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டியில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையக்கூடும் என்று மதிப்பிட்டது. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கச் செய்யவேண்டும், கலப்பளவைப் பங்க்கில் எழுதவேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கரும்பு விவசாயிகளின் நலன் அவ்வழக்கில் அரசுத் தரப்பின் வாதங்களுள் ஒன்றாக இருந்தது. கலப்பு இருக்கட்டும், நம் விளைபொருளுக்குச் சந்தை கிடைக்கட்டும். ஆனால் கலப்பை எழுதிவைப்பதனால் கரும்புக்கு என்ன நஷ்டம்? நம் பெயரைச் சொல்லி, நாமே வாங்கும் பொருளின் குணத்தை நம்மிடமிருந்து மறைக்கவேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே உயர்வகைப் பெட்ரோல் யாருக்கு வேண்டும்? வண்டியுடன் தரப்படும் கையேட்டைப் பாருங்கள். தேவையான ஆக்டேன் எண் அதில் இருக்கும். நம் அங்கத்தினர்கள் வைத்திருக்கும் மொபெட்டுகளும், ஸ்கூட்டர்களும், சாதாரண மோட்டார் சைக்கிள்களும் பெரும்பாலும் 91 இல் இயங்குவதற்கென்றே அமைந்தவை. இவற்றுக்கு 95 உம் வேண்டா, 100 உம் வேண்டா. கையேட்டில் 95 என்றோ அதற்கு மேலோ எழுதியிருக்குமானால் தயங்காமல் அதனையே வாங்குக. அங்கே சிக்கனம் பார்ப்பது இயந்திரத்துக்குக் கேடு. கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதம் 20 லிட்டர் போடும் ஒருவர், லிட்டருக்கு 7 ரூபாய் மிகையாகக் கொடுப்பதாகக் கொண்டால், மாதம் 140 ரூபாய். ஆண்டுக்கு 1,680 ரூபாய். தேவையற்ற எண்ணுக்காக ஒரு நெசவாளர் பங்க்கில் விட்டுவரும் இத்தொகை, சங்கத்தில் சேமிப்பாக இருக்கவேண்டிய தொகை.

பங்க்கில் நமக்குள்ள உரிமைகள் சிலவற்றையும் இங்கே கூறிவைப்போம். ஊற்றும் முன்பு எந்த வகை, என்ன விலை என்று கேட்கலாம். அளவுகாட்டியில் பூச்சியத்தையும் லிட்டர் விலையையும் பார்க்கலாம். ரசீது கேட்டுப் பெறலாம். அளவில் ஐயம் எழுந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் படியில் ஊற்றிக் காட்டும்படி கோரலாம். கலப்படம் என்ற ஐயம் எழுந்தால் வடிதாளில் ஒரு சொட்டு விட்டுச் சோதிக்கும்படி கேட்கலாம். அதற்குரிய தாளைப் பங்க்கில் வைத்திருக்கவேண்டும். எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் அது பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை நனைத்ததையும் கண்ட நாம், பெருமழை ஓய்ந்த நாட்களில் தாழ்வான இடத்துப் பங்க்கில் தொட்டியைச் சோதித்தார்களா என்று கேட்டுவிட்டுப் போடுவது நன்று. பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. சாதாரணம் இருக்கும்போதே இல்லையென்று சொல்லி உயர்வகையைத் திணித்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

இவ்விடத்தில் பங்க்கில் வேலைசெய்வோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலிலும் புகையிலும் நாள் முழுதும் நின்று ஊற்றும் பையனும் பெண்ணும் இதற்குப் பொறுப்பாளிகள் அல்லர். மேலே உள்ளவர்கள் சொல்வதைச் சொல்கிறார்கள். அவர்களிடம் சினந்து பேசுவதால் பயனில்லை, கண்ணியமும் அன்று. முறையீடு எழுத்தில், உரிய இடத்துக்குப் போகவேண்டும்.

எண்ணெய் நிறுவனங்களிடம் நாம் கோருவது மூன்றே. ஒவ்வொரு குழாயின் மீதும் ஆக்டேன் எண்ணையும் எத்தனால் விகிதத்தையும், சேர்மானம் உண்டெனில் அதனையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். எந்தப் பங்க்கில் எந்த வகை இருக்கிறது என்னும் பட்டியலைப் பகுதிவாரியாக வெளியிடவேண்டும். உயர்வகை விற்கும் இடத்தில் சாதாரணமும் தட்டாமல் கிடைக்கச் செய்யவேண்டும். இது நடவாத காரியமன்று. ஐரோப்பிய நாடுகளில் 2018 அக்டோபர் முதல், பெட்ரோல் குழாயின் மீது எத்தனால் 5 சதவீதமா 10 சதவீதமா என்று வட்டக் குறியிட்டுக் காட்டுகின்றனர். அமெரிக்காவில் ஆக்டேன் எண்ணை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதாமல் விற்க இயலாது. நம் நாட்டிலும் பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் இருக்கிறது. கைத்தறிக்கு 2006 முதல் ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றால் நாம் பொறுப்பதில்லை. துணிக்கு நாம் ஏற்றுக்கொண்ட நேர்மையைப் பெட்ரோலுக்கும் கேட்பதில் தவறென்ன?

கூட்டுறவு இயக்கமும் வாளாவிருத்தல் கூடாது. நம் மாநிலத்தில் கூட்டுறவு நிறுவனங்களே நடத்தும் பங்க்குகள் உண்டு. கோயமுத்தூரில் சிந்தாமணி கூட்டுறவுப் பண்டகசாலையின் பங்க்குகளை அறியாதார் இலர். இத்தகைய பங்க்குகள் வெளியார் உத்தரவுக்குக் காத்திராமல், எண்ணையும் கலப்பையும் எழுதிய பலகையை முதலில் தாமே மாட்டலாம். 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து சிறுகடை ஒன்றைத் திறந்தனர். அவர்களுட் பலர் நெசவாளர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும்தான் அவர்கள் விற்ற சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை என்னும் இரண்டையும் கொண்டே அக்கடை வளர்ந்து உலக இயக்கமாயிற்று. 1904 இல் நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்நெறியையே பின்பற்றிற்று. மாவுக்கும் அரிசிக்கும் பொருந்திய நெறி பெட்ரோலுக்குப் பொருந்தாமற் போகாது.

வேண்டுவோர்க்கு உயர்வகை கிடைக்கட்டும். வேண்டாதார் மேல் அது சுமத்தப்படாதிருக்கட்டும். இரண்டும் நடைபெற ஒரு பலகை போதும். அங்கத்தினர்கள் தத்தம் வண்டியின் கையேட்டைப் பார்த்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுமாறும், சங்கக் கிளைகள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி எண்ணெய் நிறுவனங்களுக்கும் மாநில அரசின் தொழிலாளர் துறைக்கும் அனுப்பிவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.